பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கியவர்களுக்கு: முதல் மூன்று மாத வேலைகள்

பதினெட்டு வருடம் ஓடிய டீசல் ஃபோர் வீல் வண்டி ஒன்றை வாங்கினேன். "ஆயில் எல்லாம் இப்பதான் மாத்தினது" என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை, இன்ஜின் ஆயில் புதிதாகத்தான் இருந்தது. ஏழாவது மாதம் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடும், விட்டால் குறையும். டயர் சத்தம் என்று நினைத்து இன்னும் மூன்று வாரம் ஓட்டினேன். கடைசியில் பின் டிஃபரன்ஷியலின் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் அறை) டிரெயின் பிளக்கை, அதாவது ஆயிலை இறக்கும் திருகைக் கழற்றியபோது, பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு போல ஒன்று வழிந்தது. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன், பேரிங் மூன்றும் போயிருந்தன. ஆக்சிலின் மேலே இருக்கும், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிரீதர் (உள்ளே இருக்கும் காற்று போய்வரும் வழி) மண்ணால் அடைபட்டிருந்ததுதான் காரணம்.

அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த வண்டிகள் எளிதில் சாகாது. ஆனால் முந்தைய ஓனர் கவனிக்காமல் விட்டதெல்லாம் நம் கைக்கு வந்தபின் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால் ஒரே விதிதான்: எதையாவது மாற்றியதற்கு பில் இல்லையென்றால், அதை மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகிதங்களைச் சேருங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. விற்றவரிடம் பழைய சர்வீஸ் பில்கள், ஓனர் கையேடு, இரண்டாவது சாவி என இருப்பதையெல்லாம் கேட்டு வாங்குங்கள். பணம் கைமாறிய பிறகு இவற்றைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

உங்கள் மாடலுக்கும் உங்கள் இன்ஜினுக்கும் உரிய பட்டறைக் கையேட்டைத் தேடிப் பிடியுங்கள். எந்த இடத்தில் எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்த போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் விசை) என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதும் உங்கள் கையேடு சொல்வதும் வேறுபட்டால், கையேட்டின் பக்கமே நில்லுங்கள்.

அப்புறம் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலேயே பார்த்து, பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பழைய ஃபோர் வீல் வண்டிகளில் இன்ஜினையே மாற்றியிருப்பது அபூர்வமல்ல. எண் பொருந்தாவிட்டால் அது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, வாங்கும் ஃபில்டரும் பெல்ட்டும்கூடப் பொருந்தாது. ஒரே மாடலில் வருட நடுவிலேயே பாகங்கள் மாறியிருக்கும். அதனால் பாகம் கேட்கும்போது மாடல் பெயரைச் சொல்லாமல் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். நான் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கிய வீல் பேரிங் செட் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தால் உள்ளே போகவில்லை. வண்டி ஜாக்கி ஸ்டாண்டில் ஒன்பது நாள் நின்றது.

2. பணத்தையும் நாட்களையும் ஒதுக்குங்கள்

கையில் இருப்பதை எல்லாம் போட்டு வண்டியை வாங்காதீர்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் மூன்று மாதத்துக்குத் தனியாக வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. மிச்சமானால் நல்லது, ஆனால் பெரும்பாலும் மிச்சமாகாது.

மலிவான வேலைகள் எவை என்று தெரிந்தால் பயம் குறையும். ஆயில்கள், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், ஃபில்டர்கள், ஹோஸ்கள், பிரீதர் குழாய் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிரவுன் பினியன் செட்டின் விலைக்கு வராது. விலை உயர்ந்தவை ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், டீசல் பம்ப், இன்ஜெக்டர்கள், சிலிண்டர் ஹெட். முதல் வரிசையைக் கவனித்தால் இரண்டாவது வரிசை நீண்ட நாள் தாங்கும்.

கூலியில் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே இடத்தைத் திறக்கும் வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸை இறக்கினால், கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க சீலையும் கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குத் திறந்தால், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், முன்பக்க சீல், அந்தப் பெல்ட்டிலேயே சுழலும் வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே தடவையில் முடியட்டும். சின்ன சீலுக்காக அதே கூலியை இரண்டாவது முறை கொடுப்பது வயிற்றெரிச்சல்.

நாள் கணக்கு: ஆயில்கள் அனைத்தையும் மாற்ற நிதானமாக ஒரு முழு நாள். பிரேக் வேலைக்கு ஒரு நாள். முன் ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பிரித்து பேரிங்குக்கு கிரீஸ் போட, புதியவர் என்றால் இரண்டு நாள். பாகம் கைக்கு வந்து, பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே வண்டியைப் பிரியுங்கள்.

3. தூக்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

சில பழைய ஃபோர் வீல் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால், அங்கிருந்து ஆக்சிலுக்குப் போகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் டிரம்மாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும். ஷாஃப்ட் நின்றாலும் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழல, தரையில் உள்ள சக்கரம் உருண்டுவிடும். டிஃபரன்ஷியலின் இயல்பே அதுதான்.

எனவே சமதளம், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, எடையைத் தாங்க ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகாதீர்கள். உயரமான வண்டி என்பதால் ஆயில் மாற்றத் தூக்கவே தேவையில்லை, ஊர்ந்து போக இடம் இருக்கும்.

4. நிற்கவும் திரும்பவும் முடிகிறதா?

கூடுதல் விளக்கு, பம்பர், ரேக் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதல் வாரம் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும்.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 155 டிகிரி. கனமான வண்டியை நீண்ட இறக்கத்தில் பிடித்துப் பிடித்து இறக்கும்போது இந்த வித்தியாசம் உயிர் போகும் விஷயம். வண்டியில் உள்ள அதன் டப்பாவில் தேநீர் நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டாட் 5 என்பது சிலிகான் வகை, அதை டாட் 3, 4 உடன் கலக்கக் கூடாது.

ரப்பர் பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகவே தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தால் காலிப்பரைக் குற்றம் சொல்வதற்கு முன் ஹோஸைச் சந்தேகியுங்கள்.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்கார வைத்து இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். தேய்ந்த மூட்டு விரலுக்குத் தெரிந்துவிடும். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் வெறித்தனமாக உதறினால், உதறலைத் தணிக்கும் டேம்பரை மாற்றி மூடி மறைக்காதீர்கள். கிங் பின் பேரிங், டிராக் ராட் புஷ், டை ராட் எண்ட், வீல் பேலன்ஸ் இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

டயரில் தடம் ஆழமாக இருப்பது போதாது. பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டியது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், ஸ்டெப்னி உட்பட. நான்கும் ஒரே அளவாக, கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்தோடு இருக்க வேண்டும். சுற்றளவு மாறுபட்டால் ஃபோர் வீலில் போகும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அந்த வித்தியாசத்தைச் சுமக்கும்.

5. எல்லா ஆயிலையும் இறக்குங்கள்

இதில்தான் நான் அடிபட்டேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முன் சக்கரங்களால் ஓடும் சாதாரண காரில் தனியாக இல்லாத மூன்று அறைகள் இந்த வண்டியில் உண்டு: டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். பட்டறையில் "ஃபுல் சர்வீஸ்" என்று சொன்னால் இன்ஜின் ஆயில் மாறும், ஃபில்டர் மாறும். இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் திறக்க மாட்டார்கள். என் வண்டியை வாங்கியவுடன் ஒரு பட்டறையில் விட்டேன். பில்லில் ஃபுல் சர்வீஸ் என்றிருந்தது, டிஃபரன்ஷியல் பிளக்கில் இருந்த பழைய மண் அப்படியே இருந்தது. அதை நான் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

செய்யும் முறை இது. பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்துங்கள். பிளக் சுற்றியுள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பிறகு முதலில் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள், அப்புறம்தான் கீழே உள்ள டிரெயின் பிளக். வருடக்கணக்கில் திறக்காத ஃபில்லர் பிளக் இறுகிப் போயிருக்கலாம், தலை மழுங்கலாம். கீழே ஆயிலைக் காலி செய்துவிட்டு மேலே திறக்க வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வரும் ஆயிலை வெளிர் நிறத் தட்டில் பிடித்து, பழைய துணியால் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பால் போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக ஒட்டியிருப்பது இயல்பு. இரண்டு விரலுக்கிடையே தேய்த்தால் வழுவழுவென்று போய்விடும். நறநறவென்று உறுத்தினால், அல்லது நகம் போல ஒரு துண்டு கிடைத்தால், பல்லோ பேரிங்கோ உடைய ஆரம்பித்துவிட்டது. அந்தத் துண்டைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கிடம் காட்டினால் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்.

பிளக்குக்குப் புது வாஷர் போட்டு, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பைத் தொடும் வரை ஊற்றுங்கள். சில மாடல்களில் அளவு இன்னும் கீழே இருக்கும், கையேட்டில் பாருங்கள். டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஆயில். ஆனால் அதையே மேனுவல் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். பல பழைய கியர் பாக்ஸ்களில் கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை, ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்க்கைகள் அதை அரிக்கலாம். ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-4தான். டிரான்ஸ்ஃபர் கேஸில் சிலது கியர் ஆயில் குடிக்கும், சிலது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) குடிக்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால் அதற்கென்று சொல்லப்பட்ட ஆயில்.

இப்போது பிரீதர். ஓடும்போது ஆக்சில் சூடாகி உள்ளே காற்று விரியும், பிரீதர் வழியாக வெளியேறும். சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் காற்று சுருங்கி உறிஞ்சும். பிரீதர் அடைபட்டிருந்தால் சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். நீரில் இறங்காதவர்களுக்கும் இது முக்கியம்: அடைபட்ட பிரீதரால் அழுத்தம் கூடி, பினியன் சீலில் ஆயில் கசியும். சீலை மாற்றியும் மறுபடி கசிந்தால் மேலே உள்ள பிரீதரைப் பாருங்கள். கழற்றி டீசலில் கழுவி, வாயால் ஊதினால் காற்று போக வேண்டும். அதில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. அரை நாள் வேலை, செலவு சொற்பம்.

6. சூடேறாமல் பாருங்கள்

பழைய டீசல் இன்ஜின்களைக் கொல்வதில் முதல் இடம் சூட்டுக்குத்தான். பல வண்டிகளில் வெப்ப முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள், அது ஏறும்போது ஏற்கெனவே தாமதம்.

கூலன்ட் துருநிறமாக இருந்தால் இறக்கி, தெளிவாக வரும் வரை கழுவி, கையேடு சொல்லும் வகையை டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். வேறு வேறு வகைகளைக் கலந்தால் சில நேரம் கூழாகிவிடும். ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ்கள், பெல்ட்டுகளை யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். ஹீட்டர் பக்கம் போகும் சின்ன ஹோஸை எல்லோரும் மறப்பார்கள், வெடிப்பது அதுதான். சூடான ரேடியேட்டரின் மூடியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

மெதுவாக மேடு ஏறும்போது சூடாகிறதென்றால் ரேடியேட்டர் ஃபேனைச் சுழற்றும் ஃபேன் கிளட்ச்சைச் சந்தேகியுங்கள். வேகமாக ஓடும்போது சூடாகிறதென்றால் ரேடியேட்டர் அடைப்பு. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் பாக்ஸ் ஆயிலைக் குளிர வைக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கலாம். அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து கியர் பாக்ஸ் போய்விடும். வயதான ரேடியேட்டர் என்றால் மாற்றிவிடுவதே லாபம்.

7. டைமிங் பெல்ட்

உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா, செயினா, கியரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுத்தில் இல்லையென்றால், இந்த மாதமே மாற்றுங்கள். குறைவாக ஓடிய வண்டி என்பது ஆறுதல் இல்லை, ரப்பருக்கு வயதும் எமன். பெரும்பாலான டீசல்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும்.

8. கிரீஸ், காற்று, டீசல்

புரொப்பல்லர் ஷாஃப்டின் ஒவ்வொரு யூ ஜாயின்ட்டிலும் (ஷாஃப்ட் மடங்கிச் சுழல விடும் மூட்டு) கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால், நான்கு மூடியிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மூடியைச் சுற்றி செந்நிறப் பொடி தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் ஸ்லிப் பகுதியில் மட்டும் அளவாக. அதிகம் அடைத்தால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் போகும்.

அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியதும், நான்கு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பேரிங் அல்லது பிரேக்.

ஏர் ஃபில்டர் புதிதாக இருந்தால் போதாது. அது உட்காரும் பெட்டியின் ஓரத்தை, இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசி ஒட்டினால் எங்கோ இடைவெளி இருக்கிறது. டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். அதன் அடியில் தண்ணீர் இறக்கும் திருகு இருந்தால் மாதம் ஒருமுறை திறந்து விடுங்கள்.

9. மின்சாரம்

ராத்திரி முழுவதும் நின்ற பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4. இவை சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பினால், சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றி, உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து மாட்டுங்கள். பாதிப் பிரச்சினைகள் இங்கேயே தீரும். முந்தைய ஓனர் இழுத்த, ஃபியூஸ் இல்லாத ஒயர்களைத் தேடிப் பிடித்து எடுத்துவிடுங்கள். தீப்பிடிப்பது அவற்றால்தான்.

10. சேசிஸ் துரு

சின்னச் சுத்தியலால் சேசிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகத் தட்டும். ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், பின் வளைவு, மண் தங்கும் மூலைகள் இவற்றில் நேரம் செலவழியுங்கள். அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து விற்பார்கள், அதற்கு அடியில் என்ன என்பதைச் சுத்தியல்தான் சொல்லும். கடற்கரையிலோ சேற்றிலோ ஓட்டினால் அன்றே சேசிஸின் உள்பக்கம் வரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

11. ஃபோர் வீலைப் போட்டுப் பழகுங்கள்

பார்ட் டைம் வகை (தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும்) வண்டியில், காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் போகும், அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. பாரம் எல்லாம் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும்.

அதற்காகப் போடாமலே வைத்திருந்தாலும் கெடும். மாதம் ஒருமுறை மண் பாதையில் சில கிலோமீட்டர் 4ஹெச்சில் (வேகமான ஃபோர் வீல் நிலை) ஓட்டுங்கள், 4எல்லும் (மெதுவான, அதிக இழுவை நிலை) விழுகிறதா பாருங்கள். ஆயில் முன்பக்கம் சுற்றும், லிவர் இறுகாது, ஃபோர் வீலை இணைக்கும் வேக்யூம் குழாய் வெடித்திருந்தால் அது காட்டிலல்ல, வீட்டருகே தெரியவரும்.

ஆழமான நீரைக் கடந்திருந்தால், இரவு நிற்க வைத்து மறுநாள் காலை டிரெயின் பிளக்கை அரைச் சுற்று தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது என்பதால் முதலில் அதுதான் சொட்டும். சொட்டினால் அன்றே ஆயில் மாற்றம்.

12. நோட்டும் பெட்டியும்

வண்டியிலேயே ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, பாக எண். என் நோட்டில் உள்ள இடைவெளிகள்: இன்ஜின் ஆயில் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம்; டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் 40,000 அல்லது இரண்டு வருடம்; கூலன்ட் இரண்டு வருடம்; யூ ஜாயின்ட் கிரீஸ் ஒவ்வொரு இன்ஜின் ஆயிலோடும். பில்களை அதே நோட்டில் ஒட்டுங்கள், நாளை விற்கும்போது அதுதான் சாட்சி.

கழற்றிய பழைய பெல்ட்டும் ஹோஸும் உயிரோடு இருந்தால் எறியாமல் பெட்டியில் போடுங்கள். கூடவே ஒரு யூ ஜாயின்ட், டீசல் ஃபில்டர், ஃபியூஸ்கள், கிளாம்ப், கம்பி, ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு கேன் ஆயில்.

நீண்ட பயணத்துக்கு முந்தைய நாள் எந்த வேலையும் செய்யாதீர்கள். செய்த வேலைக்குப் பிறகு முந்நூறு கிலோமீட்டராவது அருகிலேயே ஓட்டி, காலையில் வண்டி நின்ற இடத்தில் அட்டை விரித்துக் கசிவைப் பாருங்கள். சிவப்பு எண்ணெய் என்றால் பெரும்பாலும் ஏடிஎஃப், மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை என்றால் கியர் ஆயில், வழவழப்போடு இனிப்பு வாடை என்றால் கூலன்ட். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நிறுத்தி, வீல் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள்.